ஃப்ரிட்ஜின் மேல் வீற்றிருந்த ரவுட்டரைத் தங்கமாரி கவிழ்த்த படலம்

“வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா.”

இம்மூன்று சொல் உரைத்த நா வாழ்க! அந்நாவை ஏந்திய வாய் வாழ்க! அவ்வாயை உடையவளும், கோவில்பட்டிக்குத் தெற்கே பிறந்து, குலத்தில் எவரும் தொடாத பட்டத்தைத் தொட்டு, தொட்டதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஒரகடத்துப் பெருவழிக்கு வந்து, ரவுட்டர் செய்யும் ஆலையொன்றில் நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு ஸ்டிக்கரைக் குமிழ் விழாது, கோணல் விழாது ஒட்டித்தள்ளும் பொற்கட்டைவிரலாளும், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வகுப்பினளும், சூப்பர்வைசர் முறைத்தால் திருப்பி முறைக்கும் செங்கண்ணாளுமாகிய தங்கமாரி பல்லாண்டு வாழ்க!

நாளொன்றுக்கு இரண்டு ஜிபியில் மூழ்கித் திளைக்கும் அவையோரே, கேளுங்கள். அந்த மூன்று சொல்லும் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் எவரும் உரைக்கலாகாத சொற்கள். வாசலில் நின்ற பெயர்ப்பலகையோ, ‘மூன்று வேளை உணவு, சிசிடிவி பாதுகாப்பு, ஃப்ரீ வைஃபை’ என்று சிவப்புப் பெயின்டில் முழங்கிற்று. உள்ளே ஆட்சி செலுத்திய வார்டன் மீனம்மாளோ, சேர வருகின்ற ஒவ்வொருத்தியிடமும் பெட்டியை இறக்கும் முன்பே தன் சாசனத்தை வாசித்துவிடுவாள்: “சோத்தப் பத்தி கேளு, தண்ணியப் பத்தி கேளு. வைஃபை பத்தி மட்டும் வாயத் தொறக்காத. தொறந்த, மொட்டமாடி ஷீட் ரூமுக்கு மாத்திடுவேன்.” சித்திரை வெயிலில் தகர ஷீட்டின் கீழ் வெந்தவர்களின் சரித்திரத்தை அறிந்த முப்பத்தாறு பெண்களும் ஐந்து மாதமாய் வாய் திறக்கவில்லை. திறந்தவள் ஒருத்தி. ஏன் திறந்தாள்? அதுவே இக்காவியம்.

‘ஒரகடம் கேமிங் கிங்ஸ்’ என்றொரு வாட்ஸ்அப் குழு. ஆலைகளில் ஷிஃப்ட் முடித்துவந்த வாலிபர் தொண்ணூற்றொன்பது பேரும் தங்கமாரியும் அதில் உறுப்பினர். மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, அந்நூற்றுவரும் போனுக்குள் ஒரு தீவில் பாராசூட்டிலிருந்து குதிப்பர்; கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்குவர்; ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுவர்; கடைசியாய் நிற்பவர் தலையில் கிரீடம் ஏறும். கிரீடமென்றால் ஒரு மஞ்சள் எமோஜி. அம்மஞ்சளுக்காக அவர்கள் உயிரை விடுவர். உயிர் அரை மணியில் மறுபடி வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

சென்ற மாதம் தங்கமாரி தொண்ணூற்றேழு பேரை வென்றும் தப்பியும் கடைசி மூவரில் ஒருத்தியாய் நின்றாள். நின்றவள் நின்றவளேதான். இரு பக்கமும் கோடவுன் கூரைகள் எழுந்து மறைக்கும் அவ்விடுதியில், குளியலறை ஜன்னலோரம் ஒற்றைக்கோடாய் ஊசலாடும் சிக்னல் அந்நொடியில் உயிர்விட, அவளுடைய வீரவடிவம் ஒரு காலைத் தூக்கியபடி தீவின் நடுவே நடுகல் போல உறைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த சக்திகுமார் என்பவன் அதைக் கண்டான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். மூன்று முறை சுற்றி வந்தான். முன்னால் நின்று ஒரு டான்ஸ் ஆடினான். பிறகு சுட்டான். சுட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கழுத்தில் மாலை போட்டு, ‘சிலையக்கா’ என்று கீழே எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி விட்டான்.

அன்று முதல் அக்குழுவில் குட் மார்னிங்குக்குச் சிலையக்கா. கரன்ட் போனால் சிலையக்கா. கம்பெனி பஸ் லேட்டானால் சிலையக்கா. பகலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியவள் தானே ஒரு ஸ்டிக்கராகி, செங்கல்பட்டு முதல் தண்டலம் வரை முன்பின் தெரியாதவன் போனிலெல்லாம் ஒற்றைக்காலில் நின்றாள். போதாக்குறைக்கு, குழுவின் சட்டம் ஒன்றுண்டு: மூன்று முறை நெட் அறுந்து ஆட்டம் நின்றால் பெயரை நீக்கிவிடுவர். தங்கமாரிக்கு அது இரண்டாம் முறை.

அன்றிரவே அவள் வஞ்சினம் உரைத்தாள். வாய்ஸ் நோட்டில் உரைத்தாள். “அடுத்த மாச ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நெட்டோட வாரேன்டா. அந்த ஸ்டிக்கர உன் கையாலேயே டெலீட் பண்ண வைக்கேன். இல்லன்னா எம் பேரு தங்கமாரி இல்ல.” விண்ணதிர்ந்தது, மண்ணதிர்ந்தது, சக்திகுமார் பதிலுக்குச் சிலையக்காவை அனுப்பினான்.

அவளது அறிவாற்றலையும் இங்கே கூறாது மேற்செல்லல் முறையன்று. டெக் செய்தி எதுவாயினும் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து தீர்ப்பு வழங்குவது அவள் வழக்கம். ஆறாம் தலைமுறை அலைக்கற்றை வரப்போகிறது என்றால், “ரெண்டாந் தலைமொறையே குளியலறைக்கு வர மாட்டேங்குது” என்பாள். போனை நான்காய் மடிக்கலாம் என்றால், “மடிச்சு? இடுப்புலயா சொருகப் போறான்?” என்பாள். செயற்கை நுண்ணறிவு எல்லார் வேலையையும் பறித்துவிடும் என்றால், “பறிக்கட்டும். நாளைக்கு பி ஷிஃப்டுக்கு அதையே வரச்சொல்லு, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே ஸ்டிக்கர் ஒட்டட்டும்” என்பாள். பெட்டியைப் பிரித்துக் காட்டும் யூடியூப் அண்ணன் ஒருவன் ரவுட்டரைத் தடவித் தடவி ‘பில்ட் குவாலிட்டி செம்ம கைஸ்’ என்றபோது மட்டும் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவன் விரல் நின்ற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டிக்கர் நேராயிருந்தது.

அத்தகையாள் வஞ்சினம் முடிக்க வேண்டிய ஞாயிறும் வந்தது. விதியும் உடன் வந்தது, ஓ.டி. என்னும் ஓவர்டைம் உருவில். கம்பெனி பஸ் அவளை இறக்கியபோது மணி மூன்று. ஞாயிறு மூன்றுக்குமேல் விடுதி கேட்டைத் தாண்ட எவருக்கும் பாஸ் இல்லை. தாண்டினால் தாண்டியதுதான், திரும்ப வந்து பாயை விரிக்க முடியாது. வெளியே, கூப்பிடு தூரத்தில், பஸ் ஸ்டாப்பின் தலைக்குமேல் செல்போன் டவர் செக்கச்செவேலென்று நின்றது. உள்ளே குளியலறை ஜன்னல். நடுவே கேட்.

அவள் முகம் கழுவினாள். தும்பை மாலைக்கு ஈடாய்த் தலையில் கிளிப் குத்தினாள். துப்பட்டாவை இடுப்பில் வரிந்தாள். போனைக் கையில் ஏந்தினாள். நகப்பாலிஷால் ‘த.மாரி’ என்று தன் பெயர் பொறித்த பச்சை வாளியை மறுகையில் ஏந்தினாள். காலேஜ் பை ஒன்றை முதுகில் மாட்டினாள், அது புடைத்திருந்தது.

“ஏட்டி, பாஸ்வேர்டு கேக்கப் போறதுக்கு எதுக்குட்டி பை?” என்றாள் அடுத்த கட்டில் ஜோஸ்லின், தூத்துக்குடிக்காரி, நாயகியின் ஒரே சேனை.

நாயகி நடையைக் கட்டினாள். காவிய நாயகர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இவ்வாறே அவள் வார்டன் அறை வாசலில் மூன்றரை மணிக்குத் தோன்றி, முதலில் கூறிய அம்மூன்று சொல்லை உரைத்தாள்.

அரியணையொத்த பிளாஸ்டிக் நாற்காலியில், ஆலவட்டமெனச் சுழலும் டேபிள் ஃபேனின் முன், டிவியில் மெகா சீரியலை மறுஒளிபரப்பில் கண்டவாறு பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மீனம்மாள் தலை நிமிர்ந்தாள். உரித்த பட்டாணி ஒன்று விரலிலிருந்து நழுவி, உருண்டு, கட்டிலடியில் மறைந்தது.

“இன்னாடி சொன்ன? இன்னொரு தபா சொல்லு.”

“வைஃபை பாஸ்வேர்டு. போர்டுல எழுதிப் போட்டுருக்கீங்கள்ல? அதத்தான் கேக்கேன்.”

“போர்டுலதான் சிசிடிவியும் கீது. நீ பாத்தியா?” என்று மொழிந்த மீனம்மாள், மொழிந்தது தனக்கே பாதகமென உணர்ந்து, குரலை உயர்த்தினாள். “டிகிரி வாங்கினு வந்துட்டா கவர்னரு மாரி பேசுவியா? ஷீட் ரூமு காலியாத்தான் கீது, தெரியும்ல?”

ஆனால் நாயகியின் செங்கண் அப்போது வார்டன்மேல் இல்லை. அறை மூலையில் ஃப்ரிட்ஜ் நின்றது. ஃப்ரிட்ஜின் மேல் பிளாஸ்டிக் ஆப்பிள் நிறைந்த கூடை. கூடையின் அருகே, மயில் பின்னிய வெண்துணி போர்த்தி, வெண்கொற்றக் குடையின்கீழ் அமர்ந்த வேந்தனைப் போல, அவன்! ஆயுத பூஜையன்று இட்ட சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்து துணியின் பின்னல் இடைவெளியில் தெரிய, அக்குங்குமமே செவ்விளக்காய்ச் சுடர்வதெனக் கண்டோர் மயங்க, ஐந்து மாதமாய் முப்பத்தாறு பெண்களும் வாசலோரம் நின்று ஏக்கத்தோடு பார்த்துப்போன ரவுட்டர்ப் பெருமான்! துணி மறைத்ததால் அவன் எக்குலத்தான், எவ்வூரான் என்று ஒருவரும் அறிந்ததில்லை. இன்று ஃபேன் காற்று அத்துணியை அரை விரற்கடை தூக்கியது. கீழ் விளிம்பில் மூன்று சாய்ந்த துளைகள் தெரிந்தன.

தங்கமாரிக்குப் புல்லரித்தது. அம்மூன்று துளைகளை அவள் கனவிலும் எண்ணுவாள். அது அவள் லைன் பெற்ற பிள்ளை.

“ஏ ஜோஸ்லின்! இது நம்ம மாடலுட்டி! பாஸ்வேர்டு அடியிலயே ஒட்டியிருக்கும்! நாந்தான ஒட்டுதேன்!”

அக்கணம் போர் மூண்டது. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது, அதுவே முரசு. பச்சை வாளி தலைகீழாய்க் கவிழ்ந்து தேராயிற்று. தேர்மேல் நாயகி ஏறினாள். மதகரியின் எழுச்சியோடு மீனம்மாள் எழுந்தாள்; மடியிலிருந்த பட்டாணிப் படை நாற்றிசையும் சிதறியது; முறத்தைக் கேடயமாக்கி இடது கையால் துப்பட்டாவின் நுனியைப் பற்றினாள். துப்பட்டா முன்னமே வரிந்து கட்டப்பட்டிருந்தமையால், கொடியை இழுக்கப் பந்தலே அசைந்தாற்போல நாயகியும் வாளியும் சேர்ந்தே ஆடினர். ஆடியும் வீழ்ந்தாரில்லை. இடையே புகுந்த ஜோஸ்லின், “யக்கா, விடுங்க யக்கா, விழுந்துருவா யக்கா” என்று சமாதானம் கூறிக்கொண்டே முறத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்டிக் ஆப்பிள்கள் ஒவ்வொன்றாய் உருண்டு, வெட்டுண்ட தலைகளெனத் தரையில் குதித்தன. ஒன்று மீனம்மாள் நெற்றியில் பட்டது.

“அடிப் பாவி, பூஜ போட்டதுடி அது! தொடாதடி!”

தொட்டாள். எடுத்தாள். மயில் துணியைக் களைந்தாள். உலகம் மூச்சடக்கக் கவிழ்த்தாள்.

அங்கே இருந்தது ஸ்டிக்கர். ஆயினும் நாயகியின் கண், எழுத்தைப் படிக்குமுன், தொழில்வழக்கால் ஓரத்தை நாடியது. கட்டைவிரல் தானாய் ஒரு தடவு தடவியது. வலது மூலையில் ஒரு குமிழ். மேல் விளிம்பில் ஒரு கோணல்.

“ச்சே,” என்றாள், போர்க்களத்தின் நட்டநடுவில், வாளியின் மேல் நின்று. “சி ஷிஃப்டுக்காரி எவளோ தூங்கிக்கிட்டே ஒட்டிருக்கா.”

பிறகுதான் படித்தாள். பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொன்றாய் அவள் ஓத, ஒவ்வொன்றும் போனில் ஏறியது. வளையம் சுழன்றது. சுழன்றது. திரையில் சொல் தோன்றியது: இணைக்கப்பட்டது.

“கெடச்சிட்டுட்டி!” என்று ஜோஸ்லின் அலறிய அலறலில் மேல்மாடிப் பெண்கள் படிக்கட்டில் திரண்டனர். தூது பரவிற்று. முப்பது போன்கள் உறையிலிருந்து வாளென உருவப்பட்டன. இனி அத்தீவில் சக்திகுமாரின் குருதியாறு பாயும். இனிச் சிலை நடக்கும், ஓடும், சுடும். இனி மஞ்சள் கிரீடம்...

முதற்சொல்லின் கீழ் இரண்டாம் சொல் தோன்றியது: இணையம் இல்லை.

அவள் மறுபடி முயன்றாள். இணைக்கப்பட்டது. இணையம் இல்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே. பின்னர் ரவுட்டரை நிமிர்த்தி, அதன் நெற்றிச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. செவ்விளக்கெனச் சுடர்ந்த குங்குமமும் உதிர்ந்தது. அடியில் இருந்த இணைய விளக்கு செத்துக் கிடந்தது.

அறையில் டிவி மட்டும் அழுதுகொண்டிருந்தது.

மீனம்மாள் நாற்காலியில் மெல்ல அமர்ந்தாள். நெற்றியில் ஆப்பிள் பட்ட இடத்தைத் தடவினாள். “ஆயுத பூஜைக்கு முன்னாடியே கனெக்‌ஷன கேபிள்காரன் எடுத்துக்கினு போய்ட்டான்மா,” என்றாள், யாரையும் பார்க்காமல். “பொட்டி மட்டும்தான் கீது. ஓனரு இன்னா சொன்னாரு? ‘போர்ட மாத்தாத மீனம்மா, போர்டப் பாத்துத்தான் பொண்ணுங்க வருது. யாரும் கேக்காம பாத்துக்கோ’ன்னாரு. நானும் பாத்துக்கினேன். நானே ரீசார்ஜ் போட்டுத்தான் பேத்திக்கு வீடியோ கால் பேசறேன், குளியலறையில நின்னுக்கினு.”

இல்லாத ஒன்றுக்கு ஐந்து மாதம் காவல் இருந்திருக்கிறாள். காவல் வலுத்ததால் உள்ளே பெரும்புதையல் இருப்பதாக முப்பத்தாறு பேர் நம்பியிருந்தார்கள். படித்தவளும் நம்பினாள். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு.

வசைபாட அவள் வாய் திறந்தது. வார்டனின் நெற்றி புடைத்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மணி மூன்று நாற்பத்தாறு. தங்கமாரி வாளியிலிருந்து இறங்கினாள். ரவுட்டரை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். மயில் துணியைப் போர்த்தவில்லை. முப்பத்தைந்து பேரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று விளக்குப் பக்கத்தை வாசலை நோக்கித் திருப்பினாள்.

“எங்கட்டி போற?” என்றாள் ஜோஸ்லின்.

“டவர் எடுக்கிற எடத்துக்கு.”

“கேட்டத் தாண்டினா திரும்பி வர முடியாதுட்டி. ராத்திரி எங்க கெடப்ப?”

“தண்டலத்துல எங்கூட வேல பாக்குற ரத்னா ரூம்ல ஒரு பாய்க்கு எடம் இருக்காம். காலையில லைன்லயே பேசிட்டேன். சர்டிபிகேட்டு, துணி, சார்ஜரு எல்லாம் பையில கெடக்கு.”

“அப்ப எதுக்குட்டி இம்புட்டு சண்ட?”

“போர்டுல எழுதியிருந்துச்சு. கேக்கணும்ல.”

போன் அதிர்ந்தது. நான்கு மணிக்குப் பதினான்கு நிமிடம் இருக்க, சக்திகுமாரிடமிருந்து ஒற்றைக்காலில் நின்ற சிலையக்கா வந்திறங்கினாள். ஓ, திக்பாலகர்களே, விலகுங்கள்! கொற்றவையே, வழிவிடு! ஒரகடத்துப் பெருவழியில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளே, ஹாரனை அடக்குங்கள்! வஞ்சினம் முடிக்க வருகிறாள் வாளித்தேர் ஊர்ந்த வைஃபை வேட்டைச் சேனாபதி, ஸ்டிக்கர்க் குலத்து...

தங்கமாரி செருப்பைப் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.