அரபு ஸ்கேல்

சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். அவர் மேசைக்கு மேலே கிரயப் பத்திரம் ஒன்று நீண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது குமாஸ்தா சொக்கநாதனின் இடது கை.

"என்னய்யா, எனக்கே பீச்சாங்கையால நீட்டுறீரு?"

வலது கையில் சுளுக்கு என்று சொக்கநாதன் சமாளித்தார். உண்மையில் வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. வலியெல்லாம் வயிற்றில்தான். அதன் பெயர் உடையப்பன்.

பினாங்கிலிருந்து திரும்பிய உடையப்பன், இலுப்பூரில் சொக்கநாதனுக்கு எதிர் வீட்டில் குடியிருந்தார். இடதுகைக்காரர். கிட்டாரின் தந்திகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டி மடியில் கிடத்திக்கொள்வார். இடது கை மீட்டும். வலது கை ஓர் இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் இழுத்துக்கொண்டே போகும். எங்கும் தொடாமல் சும்மா மீட்டினாலே ஆறு தந்தியும் இசைந்து ஒலிக்கும்படி ஒரு சுருதி வைத்திருந்தார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வாசித்தால் தெருவே நின்று கேட்கும். வாரத்துக்கு ஒரு புதுச் சங்கதி சேரும்.

"இது அரபு ஸ்கேலுங்க. நம்ம பக்கத்துல யாருக்கும் தெரியாது" என்பார்.

தெரு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அவர் மனைவி தெய்வானையும் அல்லவா நின்றாள்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். "என்ன சுத்தமா வாசிக்கிறாரு" என்றாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் கட்டிய புருஷனைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தவள் இல்லை. சொக்கநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தச் சிரிப்பைத் தன் பக்கம் திருப்பாமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினார். புதுக்கோட்டையில் மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருந்த இன்னாசியம்மாளிடம் ஒரு பழைய கிட்டாரை இரவல் வாங்கினார். சூட்சுமமெல்லாம் இடது கையில்தான் என்ற நம்பிக்கையில் அதன் தந்திகளையும் மாற்றிக் கட்டினார். முறுக்கிய முறுக்கில் ஒன்று அறுந்து மூக்கைப் பதம் பார்த்தது. பிறகு, நலம் விசாரிக்கும் சாக்கில் எதிர் வீட்டுக்குப் போய், உடையப்பன் கிட்டாரின் கழுத்தில், தந்திக்கு அடியில் சுண்ணாம்பால் வைத்திருந்த புள்ளிகள் எத்தனையாவது கட்டங்களில் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு வந்தார். ஒன்று, நாலு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு.

இடது கையைப் பழக்குவதற்காக எல்லாக் காரியத்தையும் அதனாலேயே செய்தார். மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சம்பந்திக்குச் சந்தனக் கிண்ணத்தை இடது கையால் நீட்டினார். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்கப் பாயசம் ஆறிப்போனது. ஆபீசில் எண்களை முணுமுணுத்துக்கொண்டே எழுதியதில், இருளாண்டி என்பவரின் ஒரே ஒரு புஞ்சை ஏழு சர்வே நம்பர்களில் பரவிக் கிடந்தது. சார்பதிவாளர் மாற்றல் உத்தரவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வீட்டிலோ வேறு இடைஞ்சல். தெய்வானை காலையில் பாட்டு கிளாஸ் நடத்தினாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பப் பாடங்களையே இழுத்து இழுத்துப் பாடுவார்கள். ஆறு வருஷமாகச் சொக்கநாதன் அந்த நேரத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். வருவது யார் யார் என்று ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. இப்போது கிட்டாருக்குக் காது வேண்டியிருந்தது.

"ஒன் கிளாஸைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. எனக்குத் தலைவலி."

தெய்வானை நிறுத்தினாள். அவரோடு பேசுவதையும் சேர்த்தே நிறுத்தினாள். அவள் குளத்துக்குப் போகும் நேரம் பார்த்துச் சொக்கநாதன் சாதகம் செய்தார். ஒரே ஆறுதல், எதிர் வீட்டில் புதுச் சங்கதி எதுவும் சேரவில்லை. உடையப்பன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொக்கநாதன் உள்ளூர மகிழ்ந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வானையைக் கூடத்தில் உட்காரவைத்தார்.

"அரபு ஸ்கேலு. லேசுல யாருக்கும் வராது."

வாசித்தார். ஏறினார், இறங்கினார். ஓரிடத்திலும் பிசகவில்லை. தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, சொக்கநாதனுக்கும் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நிழல் தட்டியது. உடையப்பனின் மனைவி ஆவுடையாள் நின்றுகொண்டிருந்தாள். கிட்டாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தெய்வானையிடம் சொன்னாள்:

"நல்லதாப் போச்சுக்கா, அண்ணனுக்கும் எங்க மொதப் பாடம் சரளி வரிசையை ஆரம்பிச்சிட்டீங்க. அப்படியே எங்க கிளாஸையும் தொடங்கிருங்க. நான் இங்கிட்டுப் படிச்சதை அங்கிட்டுப் போய்ப் பாடிக் காட்டினாத்தானே எங்க வீட்டுல அவுக கிட்டாருல வாசிக்க முடியும்?"