வெந்நி அண்ணன் வீட்டு பீர்

காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் அறுவடைக்கு மிஷின் பேசி முடித்துவிடக்கூடிய மனிதர், டெல்டா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் வீட்டு ஓனர், வெந்நி அண்ணன்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலவே எப்போதும் பறப்பதால் ஒரத்தநாட்டுப் பக்கம் அவருக்கு அந்தப் பெயர். நிஜப் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். வீட்டில் பீர் போடுவதை நம் ஊர்ச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. நான் இன்னும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போனால் தாலி ஏறுவதற்கு முன்பே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார். சலூனில் இருந்து ஒரு கன்னத்தை மட்டும் வழித்துக்கொண்டு எழுந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். "விசில எண்ணிக்கிட்டு எவன் நிப்பான்?" என்று ஒருநாள் குக்கரைக் கரண்டியால் நெம்பித் திறந்தார். அந்தப் பருப்பு இன்றைக்கும் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். போன் விஷயம்தான் வினையாகிவிட்டது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரே மகன் செந்தில் கூப்பிட்டால், "சாப்டியா? உடம்பு நல்லாருக்கா? சரி, வச்சிர்றேன்" என்று வைத்துவிடுவார். அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது லைன் இருக்காது. ஒருநாள் அவனும் கடுப்பாகி, "உங்ககிட்ட பேசுறதும் ஒண்ணு, மிஸ்டு கால் குடுக்குறதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு. அண்ணி பேசும்போதெல்லாம் இவர் அதே அறையில் நின்று, தொலையாத சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

"என்னவாம் அவனுக்கு?"

"ஒண்ணுமில்லையாம்."

அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

இரண்டு மாதம் முன்பு செந்திலின் நண்பர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு பார்சல் கொண்டுவந்தார். வீட்டிலேயே பீர் போடுவதற்கான சாமான், இரண்டு தடவைக்கு. கூடவே அண்ணியிடம் செந்தில் போனில் சொன்னான்: "அங்க நான் போடுறதுதாம்மா இது. அப்பாவுக்கு அனுப்பணும்னு தோணிச்சு. ஆனா இதுக்குப் பொறுமை வேணும். அவரால முடியாது."

"எவன் சொன்னான் முடியாதுன்னு?" என்று அண்ணன் அன்றைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வெல்லப்பாகு மாதிரி இருக்கும் பார்லி மால்ட்டைத் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். மூடியில் ஒரு வளைந்த குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கப் புளிக்க அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் வரும். குமிழ் அடங்கும்வரை வாரக்கணக்கில் மனிதன் சும்மா இருக்க வேண்டும். அங்கேதான் இடித்தது.

மறுநாள் காலைக்குள் மூடியைப் பலமுறை திறந்து மோந்து பார்த்தாயிற்று. குமிழைக் காணோம்.

"தம்பி, சூடு பத்தல. வெத நெல்ல எப்புடி மொளகட்டுறோம்? ஊறவச்சு, கோணியப் போட்டு மூடி, மேல வைக்கோலப் போட்டு அமுக்குனா சட்டுனு மொள விட்டுருதுல்ல?"

"அண்ணே, அது நெல்லு. இது ஈஸ்ட்டு."

"ரெண்டும் உசுருள்ளதுதானே?"

நான் யோசிப்பதற்குள் வாளி கொல்லைப்புறத் தகர ஷெட்டுக்குப் போனது. கோணி, வைக்கோல், அதற்கு மேல் அம்மிக்கல். கல் உட்காருவதற்கு இடைஞ்சலாக இருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையில் துணியை அடைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் வெடித்தது. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று தெருவே வெளியே வந்தது. ஷெட்டுக்குள்ளே, தலையிலிருந்து வேட்டிவரை நுரையும் வைக்கோலுமாக அண்ணன் நின்றிருந்தார். அண்ணி ஓடிவந்தார், அடிபடவில்லை என்று பார்த்தார், நேரே செந்திலுக்கு வீடியோ கால் போட்டுக் கேமராவைத் திருப்பினார்.

அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"சிரிக்காதடா. என்ன தப்பாப் பண்ணுனேன், அதச் சொல்லு."

"சூடே ஆகக் கூடாதுப்பா. குளுமையா இருக்கணும். தொறக்கவே கூடாது."

"சரி, வச்சி..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, சொல்லு. இன்னும் என்ன?"

இரண்டாவது வாளிக்கு வீட்டிலேயே குளுமையான இடம் சாமி ரூம்தான் என்று முடிவானது.

"சாராயத்தக் கொண்டாந்து சாமி பக்கத்துல வைக்கிறீங்களே, அடுக்குமா?"

"சாராயம் இல்லடி, பீரு."

ஒருவழியாக முருகன் படத்துக்குத் திரை போட்டு அண்ணி சமாதானமானார். அண்ணன் வாளியைத் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் இறக்கி, ஈரத்துணி சுற்றி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் ஆனால் செந்திலுக்குப் போன். முதலில் குமிழ் பற்றி மட்டும்தான் பேச்சு. பிறகு அவர் மூட்டுவலி வந்தது, அவன் ஆபீஸ் மேனேஜர் வந்தார், அங்கே அரிசி என்ன விலை என்பது வந்தது. கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவன் இழுத்து இழுத்துச் சொன்னபோது, இந்த மனிதர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டார். அன்றைக்குச் சார்ஜ் தீர்ந்துதான் போன் அணைந்தது.

போன வாரம் வாடகை கொடுக்கக் கீழே போனேன். அண்ணன் நாற்காலியில் போனோடு இருந்தார். வாளியைப் பார்த்தேன். குழாயில் அசைவே இல்லை. எட்டிப் பார்த்த அண்ணி, "அது அடங்கி எத்தன நாளாச்சு" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னப்பா, அடங்கிருச்சா? பாட்டில்ல ஊத்திரலாமா?" ஸ்பீக்கரில் செந்தில்.

அண்ணன் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேசாதே என்று கையைக் காட்டினார்.

"எங்கடா... இன்னும் பொங்கிக்கிட்டேதான் இருக்கு. இதுக்கெல்லாம் அவசரப்படக் கூடாதுடா."

அந்தப் பக்கம் செந்தில் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"சரிப்பா. நாளைக்கு நானே கூப்புடுறேன்."

முதல் டம்ளர் உனக்குத்தான் என்று அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அது வராமலே போனாலும் எனக்குச் சம்மதம்தான்.