துரையின் நான்கு கிலோ

எட்டே வாரத்தில் துரையின் உடம்பில் நான்கு கிலோவைக் கரைத்துக் காட்டாவிட்டால் பெயரையே மாற்றிக்கொள்வதாக, கால்நடை மருத்துவரின் மேசை முன்னாலேயே சபதம் செய்தார் அச்சகத்துப் பிழைதிருத்துநர். துரை அவர் வீட்டு நாய். இருபத்தெட்டு கிலோ. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. எடை இறங்காவிட்டால் மூட்டு தேய்ந்து எழவே முடியாமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அளந்த உணவு, இரண்டு வேளை மெதுவான நடை, இடையில் ஒரு துணுக்கும் கூடாது.

"நீங்க எதை முழுசா முடிச்சிருக்கீங்க? என் தம்பிகிட்ட விட்டுடலாம்," என்றாள் மனைவி.

"உன் தம்பி தொடவே கூடாது. நானாச்சு, துரையாச்சு."

அப்படியானால் ஒரு நிபந்தனை என்றாள். யாராவது கொறித்தால் துரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்காரும். ஆகவே வீட்டில் இனி நொறுக்குத் தீனியே கிடையாது. அந்த வீட்டில் கொறிப்பவர் ஒருவர்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

துரை எடை மெஷினில் நிற்காது. எனவே முதல்நாள் அவர் தனியாக ஏறினார்: எண்பத்து நான்கு. துரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்: நூற்றுப் பன்னிரண்டு. மனைவி குறித்துக்கொண்டாள். அதன்பின் வாரந்தோறும் தூக்கிக்கொண்டு ஏறுவார். எண்பத்து நான்கைக் கழிப்பார். ஒருமுறை சரிபார்த்த எண்ணை மறுபடி பார்ப்பது தொழிலுக்கே இழுக்கு என்பது அவர் கொள்கை.

நடைதான் பெரும்பாடாக இருந்தது. தெருமுனை மருந்துக்கடைவரை துரை வரும். பிறகு பேரம் படியாத வியாபாரிபோல் உட்கார்ந்துவிடும். கெஞ்சினார், மிரட்டினார். கால் வலிக்கிறதோ என்று மனம் இளகி, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றினார். காலையும் மாலையும், மழையிலும். யார் யாரை வாக்கிங் கூட்டிப் போகிறீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் தினமும் விசாரித்தார்.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. எட்டாம் வாரம் நூற்றேழரை. கழித்தால் இருபத்து மூன்றரை. மைத்துனரைப் போனில் அழைத்து அரைமணி நேரம் உபதேசம் செய்தார்.

மருத்துவமனையின் தராசு தரையோடு பதித்தது. துரை ஏறியதும் படுத்துக்கொண்டது. மருத்துவர் குனிந்து படித்தார். இருபத்தேழரை.

"உங்க மெஷின்ல கோளாறு," என்றார் பிழைதிருத்துநர்.

மருத்துவர் அவரையே ஏறச் சொன்னார். எண்பது.

அவர் மெல்லத் திரும்பினார். மனைவி துரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டாவது வாரமே. பேண்ட் உங்க இடுப்புல நிக்கல."

"சொல்றதுக்கென்ன?"

"மூணு வருஷமா சொல்லிட்டுத்தானே இருந்தேன். எனக்காகக் குறைச்சீங்களா?"

அந்த அரைக்கிலோவே காலுக்கு நல்லதுதான், மூட்டு மேலும் மோசமாகவில்லை என்று மருத்துவர் தேற்றினார். இனி தூக்கவே கூடாது. துரை உட்கார்ந்தால் பக்கத்திலேயே நின்று, அதுவாக எழும்வரை காத்திருக்க வேண்டும். இன்னும் எட்டு வாரம் என்று சீட்டில் எழுதப் போனார்.

"பதினாறா எழுதிடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. "இவருக்கு இன்னும் எட்டு கிலோ பாக்கி இருக்கு."