சனிக்கிழமை என்னை அழைத்துப்போக வரவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதுவது. நீயும் அண்ணியும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள். நான் நலமில்லை. வரும் சனிக்கிழமை வந்து என்னையும் என் பெட்டியையும் வீட்டுக்கு அழைத்துப்போகவும். இந்த நர்சிங் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று பாடம், பதற்றம் வந்தால் நாலு எண்ணி மூச்சை இழுங்கள், நாலு எண்ணி விடுங்கள் என்றார் மேடம், நான் இழுத்ததோடு சரி, எண்ணிக்கை தப்பி இருமல் வந்து வகுப்பே என் முதுகைத் தட்டியது, அது போகட்டும் என்றால் மறுநாள் காலை வார்டில் முதல்முறையாக ஒரு நோயாளிக்கு பிபி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், கண்ணை மூடிப் படுத்திருந்தார். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சிஸ்டர், இவருக்கு ஒண்ணுமே கேக்கல" என்று அலறிவிட்டேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஸ்டெதஸ்கோப்பக் காதுல மாட்டிப் பாரும்மா."

காதில் இருக்கவேண்டியது கழுத்தில் கிடந்தது, அண்ணா.

வார்டே சிரித்தது. அழ இடம் தேடித் துணி அறைக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் அழுதுகொண்டிருந்தார். வார்டுக்குத் தலைமை நர்ஸான எங்கள் பெரிய சிஸ்டர். அவர் நடந்து வந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

"கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். இரண்டு மாதமாகப் பக்கத்துப் பெண்கள் வார்டின் ஆறாம் கட்டிலில் இருந்த நோயாளி அம்மா அன்று காலையில் இறந்துபோயிருந்தார். குவிந்து கிடந்த படுக்கை விரிப்பில் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அவரிடம் நீட்டினேன். பிடித்துக்கொண்டார். மடித்தோம்.

"இருபத்திரண்டு வருஷமாச்சு. இன்னும் பழகல."

"பழகிட்டா நல்லதா சிஸ்டர்?"

அடுத்த விரிப்பை எடுத்து உதறினார். "தெரியல. அந்த ஓரத்த நேராப் பிடி."

பதினொரு விரிப்பு மடித்தோம். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், என் யூனிபார்ம் கசங்கியிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் திட்டினார். எனக்கு ஏனோ வலிக்கவே இல்லை.

இருந்தாலும், அவரே இன்னும் அழுகிறார் என்றால் நான் எந்த மூலைக்கு? சனிக்கிழமை கட்டாயம் வா. அண்ணிக்கு என் அன்பு, பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு
உன் தொட்டாச்சிணுங்கித் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை வர வேண்டாம், எனக்கு டூட்டி இருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கியதுதான். முடிந்தால் இரண்டு கைக்குட்டை அனுப்பு. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கென்று அண்ணியிடம்கூடச் சொல்லிவிடாதே.