சோமனூர்ச் சித்தி வந்தாச்சு

மாதவிடாய்க்கு நம் ஊரில் எத்தனை பெயர் உண்டோ, அத்தனையும் அதைச் சொல்லாமல் தப்பிக்க வைத்த பெயர்கள்தான். தூரம், வீட்டுக்கு விலக்கு, தலைக்கு ஊற்றுவது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சோமனூர்ச் சித்தி.

தம்பி கல்யாணத்தின்போது அம்மா வைத்த பெயர் அது. சோமனூரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் நிஜமாகவே இருந்தார். எங்கள் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் பந்தியில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர். இந்த ஜென்மத்தில் நம் வாசல்படி மிதிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தோம்.

கல்யாணமாகிக் கணபதிப் பக்கம் குடியிருக்கும் எனக்கோ மாதக்கணக்காக நாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தம்பி கல்யாணமோ நெருங்கிவிட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்ய வேண்டும். நான் ஒரே அக்கா. தம்பிக்குக் கல்யாணம் என்று நினைத்தாலே எனக்குக் கண்ணில் தெரிவது அந்தச் சீர்தான் (மணப்பெண் எல்லாம் அப்புறம்). சரியாக அன்றைக்கு வந்து தொலைத்தால், என்னை மண்டபத்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, பெரியப்பா மகளை மணையில் ஏற்றிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே வரவழைத்துவிடலாம் என்று அம்மாவும் நானும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் முதலில் நான் கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டார் (அம்மா முகத்தில் ஏறிய வெளிச்சம் அதே வேகத்தில் இறங்கியது). தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். "கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளிய வரலைன்னா இப்படித் தள்ளிப்போகும். ஹார்மோன் மாத்திரை எழுதறேன். சொன்ன நாள் வரைக்கும் போட்டுட்டு நிறுத்திருங்க. நிறுத்துன சில நாள்ல வந்துரும். கல்யாணம் முடிஞ்சதும் வாங்க, ஏன் இப்படி ஆகுதுன்னு முழுசாப் பாக்கணும்" என்றார்.

எம்.காம். படித்த என் மூளை இதில் 'வந்துரும்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டது. மாத்திரை தீர்ந்தது. மறுநாள் காலை பார்த்தேன், ஒன்றும் காணோம். மருந்து போதவில்லை என்று நானாகவே தீர்ப்பு எழுதி, கணபதியில் ஒரு மருந்துக்கடையில் டாக்டரின் பழைய சீட்டை நீட்டி இன்னும் ஓர் அட்டை வாங்கி விழுங்க ஆரம்பித்தேன். அம்மா தினமும் போனில், "சித்தி வந்துட்டாங்களா கண்ணு?" என்பார். "இன்னும் வரலீங்கம்மா" என்பேன். அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

கடைசியில் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"மறுபடி போடச் சொன்னது யாருங்க? மாத்திரை போடற வரைக்கும் அது வராது. நிறுத்துனாத்தான் வரும். கோயில் குளம்னு தள்ளிப்போடறதுக்குக் குடுக்கறதும் இதே வகை மாத்திரைதான்."

வரவழைக்கிறேன் என்று நான் இத்தனை நாளும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன்.

அது வந்தது, இணைச்சீர் அன்றைக்கு. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மாப்பிள்ளை வீட்டார் அறையில் நிற்கும்போது. அம்மாவைத் தனியே இழுத்து, "சித்தி வந்துட்டாங்கம்மா" என்றேன். அழுகை முட்டியது.

பின்னாலிருந்து அப்பாவின் குரல். "அட, அதுக்குள்ள பாத்துட்டியா? முதப் பந்தியில உக்கார வச்சுப்போட்டுத்தான் வாரேன்."

எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்து வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "தங்கச்சி வரலைன்னு தினமும் போன்ல நீ அழுதியே அம்மணி. எனக்கு மனசு கேக்கலை. வெத்தலை பாக்குத் தட்டோட சோமனூருக்கே போயி, பந்தியில நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டுப்போட்டு வந்தேன்."

எட்டிப் பார்த்தோம். அரக்குச் சேலையில் சித்தி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா சித்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் முந்தானையைச் சரிசெய்தார். "ரெண்டு பேரும் நாம கூப்பிட்டுத்தான கண்ணு வந்திருக்கறாங்க. பேசாமப் போயி உன்ற தம்பி பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். தம்பி என் கையைப் பிடித்தபோது அழுதேன். உறவுக்காரர்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி பாசம்தான்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் விஷயத்தை உடைத்துவிட்டார். அவர் வெகுநாள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நிஜமான சோமனூர்ச் சித்தி மட்டும் மாதம் தவறாமல் வந்து போகிறார், மற்றவரைவிட ஒழுங்காக. போன வாரம் அப்பாவே போன் செய்தார். கொஞ்சம் இருமிக்கொண்டு, "ஏங்கண்ணு, சித்தி வந்தாங்களா?" என்றார்.

"எந்தச் சித்திங்கப்பா?"

"ஊட்டுக்கு வாரவங்க இங்கதான் காப்பி குடிச்சுட்டு இருக்கறாங்க. நான் இன்னொருத்தரைக் கேட்டேன். வரலைன்னா சொல்லு, நீயா எதையும் முழுங்காத. வண்டி எடுத்துட்டு வாரேன், டாக்டரம்மாகிட்டப் போலாம்."