கருமாதியில் ஓடிய படம்

திரையில் மோகன் வரவில்லை. காது குத்திய மொட்டைத் தலை, பள்ளிக்கூடச் சீருடை, படகுப் போட்டியில் வாங்கிய கோப்பை என்று வரிசையாக அவன் வரவேண்டிய இடத்தில், பனி கொட்டும் ஏதோ ஊரில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"வலையா இது? நண்டுகூட நழுவிப் பூடும்," என்றது பந்தலில் ஒரு குரல்.

திருவிடந்தைக் குப்பத்தில் மோகனுக்கு அன்று பதினாறாம் நாள் காரியம். எமன் எருமை மேல் வருவான் என்பார்கள். மோகனுக்கு ஈசிஆர் ரோட்டில் தண்ணீர் லாரியில் வந்தான்.

எல்இடி திரை வாடகைக்கு விடும் அரவிந்தன் ரிமோட்டைத் தேடினான். மோகனின் தங்கை ரஞ்சிதா, "ஃபோட்டோ எல்லாம் இதுலதான் கீதுண்ணா," என்று கொடுத்த பென் டிரைவை அவன் போட்டுப் பார்க்காமலே செருகியிருந்தான். பார்த்தால் உடைந்து அழுதுவிடுவோம் என்று பயம். கூட்டாளி செத்ததற்கா இந்த அழுகை என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வது?

அதில் இருந்தவை அவனும் மோகனும் தேடித் தேடிச் சேர்த்த குறும்படங்கள். நாடு எதுவானாலும் கதை ஒன்றுதான், ஆணை ஆண் விரும்பும் கதை. அரவிந்தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தவை.

ஊருக்கு அவன் வெறும் கூட்டாளி. மோகன் கல்யாணமாகாமல் போனவன் என்று, பிணத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து அவன் கையால் தாலி கட்டவைத்தார்கள். ஆறு வருஷம் அவனோடு வாழ்ந்தவன் ஓரமாக நின்று சாமியானா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாழைக்கன்றுக்கு இருந்த உரிமை அவனுக்கு இல்லை.

"இன்னாடா இது? எம்புள்ள எங்கடா?" என்றார் மோகனின் அப்பா இருசப்பன். ஓங்கி ஒன்று வைத்தால் ஆள் எழுந்திருக்கமாட்டான் என்று பேர் வாங்கிய கை அவருடையது.

"விளம்பரம் நைனா, தானா வந்துட்ச்சி." அரவிந்தன் ரிமோட்டை அமுக்கினான். நிற்கவில்லை, அடுத்த படத்துக்குத் தாவியது. மழை, ரயில் நிலையம், ஒரே குடைக்குள் இரண்டு இளைஞர்கள். பதற்றத்தில் ரிமோட் கை நழுவிச் சாம்பார் வாளிக்குள் போய் விழுந்தது.

"இதுவும் விளம்பரமா?"

"இல்ல நைனா... மோகனு ஃபாரின் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அந்தக் கம்பெனி ஆளுங்க."

இருசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடா! எம்புள்ளய கூப்ட்டவனுங்க மூஞ்சிய நான் பாக்கணும். நிறுத்தாத. சவுண்டு ஏத்து!"

பந்தியில் இருந்தவர்களும் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். பாஷை புரியாதது ஒன்றுதான் ஆறுதல். திரையில் ஒருவன் மற்றவனின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தான். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டான்.

"யாருடா இவனுங்க? ஒருத்தனுக்கு ஒருத்தன் இப்டி உருகிகினு கீறானுங்க?" என்றார் மோகனின் சித்தப்பா சுப்பிரமணி.

"அண்ணன் தம்பி, சித்தப்பா!"

அதுதான் வினையாகப் போனது. இருசப்பனும் சுப்பிரமணியும் கூடப்பிறந்தவர்கள். படகுப் பங்கில் வந்த சண்டையில் பேச்சை விட்டவர்கள், மோகனின் பிணத்துக்கே ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதார்கள். இப்போது சுப்பிரமணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்த ஊர்லயோ எவனோ பெத்த புள்ளைங்க எப்டி கீதுங்க பாரு! நாமளும் கீறோமே அண்ணாத்த!"

"தம்பி!" என்று இருசப்பன் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கதறியதில் பந்தலே அழுதது. அரவிந்தன் மட்டும் அழவில்லை. அடுத்து முத்தம் வரும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த வயரைப் பிடுங்கினான். நின்றவை ஃபேன்கள்தான். இரைச்சல் அடங்கியதில் படத்தின் சத்தம் கணீரென்று கேட்டது. திரையை அடைத்துக்கொண்டு இரண்டு முகங்கள் நெருங்கின. நெருங்கியவை சீக்கிரம் விலகவும் இல்லை.

சுப்பிரமணி மெதுவாக அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"இது யாருதுடா?" இருசப்பனின் குரல் தணிந்திருந்தது. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

"அண்ணன் பையிலதான் நைனா இருந்திச்சி," என்றாள் ரஞ்சிதா, வெளிறிப்போய்.

எல்லாத் தலையும் மாலை போட்டிருந்த மோகனின் படத்தின் பக்கம் திரும்பியது. அரவிந்தனுக்குத் தாங்கவில்லை. செத்தும் அவன் பேர் நாறவேண்டுமா?

"அது என்துதான் நைனா. நான்தான் அப்டிப்பட்டவன். மோகனு பாவம், அவனுக்கு இதெல்லாம் ஒண்ணியும் தெரியாது. அவன் பையில நான்தான் வச்சேன்."

சொல்லி முடித்ததும், அடக்கிவைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மோகன் தன்னை ஒருநாளும் விரும்பவில்லை என்று ஊர் முன்னால் தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இதைவிட அந்த லாரி தன் மேலும் ஏறியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

இருசப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அரவிந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

மகன் போனதிலிருந்து யாரிடமும் ஒரு சொல் பேசாமல் பந்தல் மூலையில் சுருண்டுகிடந்த மோகனின் அம்மா குப்பம்மா, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள்.

"இத்த நிறுத்துப்பா அரவிந்தா, இதுல அந்தப் புள்ள செத்துடுவான், ரெண்டு பேரும் கடைசி வரிக்கும் உசுரோட கீற படம் ஒண்ணு கீது பாரு, நீ வராத நாள்ல உன் நெனப்பு வந்தா எம்புள்ள என்னையும் பக்கத்துல உக்கார வச்சிக்கினு பாப்பானே, அத்தப் போடு."