ஐந்து பேருக்கு ஒரே இலை

பந்தி மரியாதையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றொரு திமிர் நெடுநாளாக எனக்கு இருந்தது. சோமனூரில் தறி ஓட்டுகிறவன். வருஷம் பூராவும் யார் வீட்டு விசேஷத்திலாவது கை நனைக்கிறவன். அந்தத் திமிர் இறங்கியது கோயம்புத்தூரில், ஒரு ஃபிலிப்பினோ ஓட்டலில்.

என் தம்பி பிரபு கப்பலில் இன்ஜினியர். போன இடத்தில் பழக்கமான லிசா என்ற ஃபிலிப்பைன்ஸ் நர்ஸைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். அப்பா அம்மா இல்லாத வீடு, பெண் கேட்க வேண்டியவன் நான்தான். லிசாவின் அப்பா மகளோடு வந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். எங்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். அவர் ஊர்ச் சாப்பாடாக இருக்கட்டும் என்று பிரபு அந்த ஓட்டலில் ஏற்பாடு செய்தான்.

“மொகஞ் சுளிக்காமச் சாப்பிடுங்கண்ணா, அது போதுமுங்க” என்றான். அவன் வாழ்க்கை என் வாயில் இருக்கிறது என்ற பயத்தில் காலையிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மேசையைப் பார்த்ததும் உயிர் வந்தது. வாழை இலை. ஆனால் ஆளுக்கொன்று இல்லை. மேசை நீளத்துக்கு இலைகளை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் பொரித்த மீன், இறால், வினிகரில் வெந்த கோழி. ஐந்து பேரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டுமாம். (எச்சில், பத்து பார்த்து வளர்ந்தவன் நான்.) என் பங்குச் சோற்றைச் சுற்றி விரலால் ஒரு வரப்புப் போட்டேன். என் மனைவி சுமதி மேசைக்கடியில் காலை மிதித்தாள். வரப்பை அழித்தேன். சும்மா சொல்லக்கூடாது, கோழி அவ்வளவு நன்றாக இருந்தது.

பதற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் தின்று முடித்துவிட்டேன். நல்ல காரியத்தில் சாப்பிட்டு முடித்தவன் என்ன செய்வான்? இலையின் எதிர்முனையைத் தூக்கித் தன் பக்கமாக மூடுவான். கைப்பழக்கம், தூக்கிவிட்டேன். அந்த எதிர்முனையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து லிசாவின் அப்பா சோறு உருட்டிக்கொண்டிருந்தார். சோறும் மீனும் இறாலும் அவர் கையை விட்டுக் கிளம்பி என் மடிக்கு வந்து சேர்ந்தன.

“ஏண்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?” என்றான் பிரபு, அழுகிற குரலில். அம்மா இருந்திருந்தால் இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்திருக்காதே என்று நினைத்தேன். மடியில் மீன் தலையோடு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் மூடினேன் என்று லிசாவின் அப்பா கேட்டார். பிரபுவை எடுத்துச் சொல்லச் சொன்னேன்: “எழவு வீட்லதானுங்க அந்தப் பக்கமா மூடுவோம். நம்ம பக்கமா மூடினா, இந்த ஒறவு மறுக்கா மறுக்கா வேணும்னு அர்த்தமுங்க.”

பிரபு இங்கிலீஷில் சொன்னான். அவர் இலையைப் பார்த்தார். பிறகு கை நீட்டி, என் பக்கத்து முனையைப் பிடித்து, தன் பக்கமாக இழுத்து மூடினார். மிச்சச் சோறெல்லாம் அவர் சட்டையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. (பாதி வயிற்றோடு எழுந்த மற்ற நால்வருக்கும் வெளியே புரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.)

கல்யாணம் முடிந்து லிசா இப்போது எங்களைவிட நன்றாக ‘ங்க’ போடுகிறாள். எந்த விசேஷமானாலும் எனக்கு இலை போட்டதும் அவள்தான் முதலில் வருவாள். தண்ணீர் நிறைந்த சொம்பை என் இலையின் எதிர்முனையில் பாரமாக வைத்து, “எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டுமுங்க மாமா” என்று சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவாள்.